ஆக்கள் பாக்கிற ரீவி

ஸுஹைரின் கடையில் ரேடியோவைத் திருத்த வைத்துவிட்டுப் போவார்கள். மின்விசிறியை வைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்து வந்து, 'எங்கட விசிறி இஞ்ச கிடக்கோ?' என்று கேட்பவர்களும் உண்டு. கல்யாண வீடியோ கசெற்றைச் சீடியாக்கக் கொண்டுவருகிறவர்கள் மட்டும் வேலை முடியும்வரை கதிரையை விட்டு எழும்ப மாட்டார்கள். சோறு தின்னவும் போக மாட்டார்கள். இரண்டு பேர் வந்தால் ஒருவர் இருக்க மற்றவர் போய் வருவார்.

சண்டை ஓய்ந்து வடக்குக்குப் போகும் பாதை திறந்த பிறகு வவுனியாவில் ஒரு கதை உலாவிக்கொண்டிருந்தது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற சிலர், கடைகளில் ஊரார் கல்யாண வீடியோக்களை இரகசியமாகக் கொப்பி எடுத்து, தாலி கட்டுகிற இடத்தில் வேறு முகங்களை ஒட்டித் தூதரகங்களுக்குக் காட்டுகிறார்களாம். அப்படி ஒட்டிய வீடியோவை ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. ஆனால் எல்லாரும் நம்பினார்கள். ஸுஹைரே பாதி நம்பினான். அடுத்த தெருக் கடைக்காரனைப் பற்றி அவனுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது.

ஆகவே அவன் ஒரு வழி செய்தான். கடையை இரண்டாகப் பிரித்த பிளைவூட் தட்டிக்கு அந்தப் பக்கம் கொம்பியூற்றர், இந்தப் பக்கம் வாடிக்கையாளர். அவர்களுக்கு முன்னால் ஒரு பழைய பதினாலு இஞ்சி ரீவி. கசெற் ஓடுகிற டெக்கிலிருந்து வரும் மஞ்சள் வயரில் ஒரு கவட்டு ஜொயின்ற் போட்டு, ஒரு கிளையைக் கொம்பியூற்றருக்குள் படத்தைப் பதிகிற கப்சர் காட் என்ற அட்டைக்கும் மறு கிளையை அந்த ரீவிக்கும் கொடுத்தான். தங்கள் கசெற்தான் ஓடுகிறது, வேறொன்றும் நடக்கவில்லை என்று ஆட்கள் பார்த்துக்கொண்டே இருக்கலாம். 'ஆக்கள் பாக்கிற ரீவி' என்று அவன் மனைவி றாபியா அதற்குப் பெயர் வைத்தாள். அடுத்த தெருக் கடையில் அப்படி ஒரு ரீவி இல்லாததால், ஆட்கள் ஸுஹைரிடம் வந்தார்கள்.

ஒரு வருடமாக ஒரே ஒரு கரைச்சல்தான். வாடிக்கையாளரின் கசெற் கொம்பியூற்றருக்குள் போனதும் படம் மூச்சுவிடத் தொடங்கிவிடும். வெளிச்சமாக இருக்கும், சட்டென்று இருண்டுபோகும், பிறகு மெல்ல மெல்ல ஏறி வெளிறும். வெள்ளைச் சேலை, வெயில் பட்ட சுவர், வீடியோக்காரரின் லைற் என்று ஏதாவது பளிச்சென்று திரைக்குள் வந்தால் முகங்களெல்லாம் கரிக்கட்டை. கப்சர் காட்டுக்குள் ஒரு பகுதி உண்டு. வருகிற படம் மெலிந்திருந்தால் அது தானாகவே ஏற்றும், கூடினால் தானாகவே இறக்கும். யாரும் அதைக் கேட்க வேண்டியதில்லை. யார் சொன்னாலும் அது கேட்பதுமில்லை. கொம்பியூற்றரில் வெளிச்சத்தைக் கூட்டி வைத்தால் அடுத்த நிமிடம் அது தன் விருப்பத்துக்குக் கொண்டுபோய்விடும்.

டெக்கின் தலையை ஸ்பிரிற் போட்டுத் துடைத்தான். வயர் மாற்றினான். ஸ்டெபிலைசர் வாங்கினான். ஒருமுறை ஆக்கள் பாக்கிற ரீவியின் மீதும் சந்தேகப்பட்டு அதை அணைத்துப் பார்த்தான். படம் அப்போதும் மூச்சுவிட்டது. ஆகவே ரீவி குற்றவாளி இல்லை என்று முடிவு கட்டினான். தன் கசெற்றுகளை வெள்ளிக்கிழமைகளில் போட்டுப் பார்க்கும்போது மட்டும் படம் கண்ணாடி மாதிரி வந்தது.

"வெள்ளிக்கிழமை பரக்கத்தான நாளெண்டு உங்கட பெட்டிக்கும் தெரியுது, உங்களுக்குத்தான் தெரியேல்ல" என்று றாபியா சிரிப்பாள்.

அவன் வேறொரு முடிவுக்கு வந்திருந்தான். கசெற்றுகளில்தான் பிழை. கரையோரத்து ஆட்கள் கொண்டுவரும் கசெற்றுகள் உப்புக்காற்றில் கெட்டுப்போனவை. காட்டுப்பக்கத்து ஆட்களின் கசெற்றுகள் பங்கருக்குள் கிடந்து பூஞ்சணம் பிடித்தவை. "என்னால ஒண்டும் செய்யேலாது, கசெற் அப்பிடி" என்று எத்தனையோ பேரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான். அவர்களும் நம்பிக்கொண்டு போனார்கள். போகும்போது அவனை ஒரு மாதிரித் திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு ஆவணியில் ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு இராயப்பு வந்தார். முல்லைத்தீவுச் சிலாவத்தைக் கடற்கரையில் சொந்தமாகக் கரைவலை வைத்திருக்கும் சம்மாட்டி. வயது அறுபதுக்குக் கிட்ட. கூடவே மகள் யூலியானா. கசெற் ஒரு துவாயில் சுற்றப்பட்டு, அந்தத் துவாய் ஒரு பைக்குள், அந்தப் பை அவருடைய மடிக்குள் இருந்தது.

"ஓமந்தைச் செக்பொயின்ரில ஆமியும் இயக்கமும் பிரிச்சுப் பாத்திட்டாங்கள்" என்றார். "இனி நீர்தான் மூண்டாவது ஆள்."

விடயத்தை யூலியானா சொன்னாள். அவளுக்கும் நிறோஜனுக்கும் கல்யாணம் நடந்து மூன்று வருடம். அவன் கனடா போய் இரண்டு வருடம். அவளுடைய பைலைப் பார்த்த தூதரகம் கல்யாணத்தை நம்பவில்லை. வீடியோவைச் சீடியில் அனுப்பச் சொல்லியிருக்கிறது. மாப்பிள்ளை, பெண், இரண்டு பக்கத்துப் பெற்றோர் முகங்கள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கடிதத்தில் கீழே கோடு போட்டிருந்தது. பங்குச் சுவாமியார் நாளை விடிய ஊரிலிருந்து கொழும்புக்குப் போகிறார். அவர் கையில் கொடுத்தால் சரி. தவறினால் திகதி போய்விடும், பைலை மூடிவிடுவார்கள். இவர்கள் மூன்றரை பஸ்ஸில் ஏறினால்தான் ஓமந்தை மூடுமுன் கடக்கலாம்.

"ஒரு கொப்பிதான் எடுக்கவேணும்" என்றார் இராயப்பு. "உம்மட பெட்டிக்குள்ள ஒண்டும் மிஞ்சக்கூடாது. நான் கேட்டுத்தான் வந்தனான், இஞ்ச ரீவியில பாக்கலாமெண்டு."

"பாருங்கோ ஐயா. அதுக்குத்தானே போட்டு வைச்சிருக்கிறன்."

ஸுஹைர் கசெற்றைப் போட்டான். ரீவியில் கோயில் வந்தது, பாட்டு வந்தது. தாலி கட்டுகிற இடத்துக்கு ஓட்டி, ஐந்து நிமிடத்தைப் பதிந்து நிறுத்தி, இரண்டு பேரையும் தட்டிக்குப் பின்னால் கூப்பிட்டு மொனிற்றரில் போட்டுக் காட்டினான். பதியும்போதே படத்தையும் காட்ட அந்தக் கொம்பியூற்றருக்குச் சீவன் காணாது. பதிந்த பிறகுதான் பார்க்க முடியும்.

படம் மூச்சுவிட்டது. நிறோஜன் தாலியைக் கையில் எடுத்தான்; வீடியோக்காரர் லைற்றைத் திருப்பினார்; நிறோஜனின் முகம் இருந்த இடத்தில் ஒரு இருட்டு இருந்தது.

யூலியானா மொனிற்றருக்குக் கிட்டக் குனிந்தாள். இராயப்பு சொன்னார்.

"ரீவியில வடிவாய்த்தானே போனது. உம்மட பெட்டிக்குள்ள போய்த்தானே மருமகன்ர முகம் இல்லாமல் போச்சுது?"

"அது கசெற்றில பிழை ஐயா. கடற்காத்து..."

"கடற்காத்து மருமகன்ர முகத்தில மட்டுமோ அடிச்சது?"

ஸுஹைருக்குச் சுருக்கென்றது. இதைவிட மோசமாகப் பேசியவர்கள் உண்டு. ஆனால் இவர் முல்லைத்தீவு. தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் முல்லைத்தீவு முஸ்லிம்களைப் புலிகள் உடுத்த உடுப்போடு போகச் சொன்னபோது ஸுஹைருக்குப் பதினாலு வயது. புத்தளம் முகாமில் வளர்ந்து, அங்கேயே ரீவி திருத்தப் பழகி, பாதை திறந்ததும் வவுனியாவரை வந்தான். அதற்கப்பால் ஒரே ஒருமுறை போனான். வாப்பாவின் வீடு இருந்த இடத்தில் கிணறும் சீமெந்துத் தரையும் மட்டும் இருந்தன. கதவு, நிலை, ஓடு, தளபாடம் எல்லாம் யார் யார் வீட்டுக்கோ போய்விட்டன. முல்லைத்தீவு ஆள் யார் கடைக்கு வந்தாலும், இவர் வீட்டில் என்ன இருக்குமோ என்று அவனுக்குள் ஒரு எண்ணம் ஓடும். அதை அவன் றாபியாவிடமும் சொன்னதில்லை.

வேறு இடத்தை எடுத்துப் பார்ப்போம் என்று கசெற்றை முன்னால் ஓட்டிப் பதிந்து, மொனிற்றரில் போட்டான். வரவேற்பு, வீட்டில் நடந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்க, பின்னால் ஒரு அலுமாரி. கதவில் ஆளுயரக் கண்ணாடி. லைற் அந்தக் கண்ணாடியில் பட்டுத் தெறித்ததும் படம் இருண்டது. தெறிப்பு விலக, மெல்ல வெளித்தது. மறுபடி இருண்டது. அந்த ஏற்ற இறக்கத்துக்கு இடையில், கண்ணாடியின் கீழ்மூலையில் ஏதோ ஒன்று மினுங்கியது.

ஸுஹைர் திரும்ப ஓட்டினான். வாப்பாவின் அலுமாரிக் கண்ணாடி கீழ்மூலையில் வெடித்திருந்தது. அந்த வெடிப்பை மறைக்க வாப்பா ஒரு பித்தளைப் பூவை அடித்திருந்தார். சின்னவனாக அதன் முன்னால் நின்று தொப்பியைச் சரி பார்த்தபோது அந்தப் பூ அவன் முழங்கால் உயரத்தில் இருந்தது. இதுவும் அதே உயரம். பூவா, வேறொன்றா என்று பார்க்குமுன் படம் இருண்டுவிடும். பின்னுக்கு ஓட்டினான். முன்னுக்கு ஓட்டினான்.

"தம்பி" என்றார் இராயப்பு, தட்டிக்கு மேலால் எட்டிப் பார்த்து. "ஏன் அந்த இடத்தையே போட்டுப் போட்டுப் பாக்கிறீர்?"

"வெளிச்சம் கூடின இடம் ஐயா. பிழை இதிலதான் நல்லாத் தெரியுது."

அது பொய் இல்லை. ஆனால் அவன் காது சூடாகியது.

பதினொரு மணிவரை அவன் செய்யாத ஒன்றில்லை. கப்சர் காட்டின் புரோகிராமை அழித்து மறுபடி போட்டான். வயரின் முனையை உரசினான். டெக்கைத் திறந்து மறுபடி துடைத்தான். இராயப்பு இப்போது கதிரையில் இல்லை; தட்டியின் ஓரத்தில் நின்று அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். யூலியானா சுவர் மணிக்கூட்டைப் பார்ப்பாள், பிறகு கைக்குட்டையைப் பிழிவாள். ஈரமில்லாத கைக்குட்டை.

"அப்பா, அந்த அண்ணாவைக் கொஞ்சம் மூச்சுவிட விடுங்கோ."

"படம் விடுற மூச்சுக் காணாதோ?" என்றார் அவர்.

மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு கேட்டது. ஸுஹைர் எழும்பவில்லை. கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து றாபியா பின்கதவால் தலையை நீட்டினாள்.

"இஞ்ச பாருங்கோ, நாளைக்கு ரீவியை நேரத்தோட உள்ளுக்குக் கொண்டந்து தாங்கோ. போன வெள்ளி நீங்கள் பிந்தி, பிள்ளையள் பாக்கிற படம் பாதி முடிஞ்சுபோச்சு."

"ஓம், ஓம்" என்றான். அவள் போய்விட்டாள்.

கையில் இருந்த திருப்புளியை அவன் கீழே வைத்தான்.

வெள்ளிக்கிழமை கடை அரைநாள். வெள்ளிக்கிழமை அந்த ரீவி வீட்டுக்குள் போய்விடும். அணைத்து வைப்பதில்லை, வயரைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போவது. வெள்ளிக்கிழமை படம் கண்ணாடி.

டெக் அனுப்புகிற படத்தின் பலம் ஒரு பெட்டிக்கு மட்டுமே போதும். கவட்டு ஜொயின்றில் இரண்டு பெட்டிகள் அதைப் பங்குபோட்டு இழுத்தன. ரீவியை அணைத்தாலும் வயர் செருகியிருக்கும்வரை அது தன் பங்கை இழுத்துக்கொண்டேயிருந்தது. குறைந்த பங்கோடு நின்ற கப்சர் காட், படம் மெலிந்துவிட்டதென்று தன்னால் முடிந்த உயரத்துக்கு ஏற்றி வைத்துக்கொண்டு, ஒரு வெளிச்சம் வந்ததும் தடுமாறிக் கீழே விழுந்தது. பிறகு மறுபடி ஏறியது. ரீவியிலும் படம் கொஞ்சம் மங்கல்தான். பழைய ரீவி என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

ஒரு வருடம். உப்புக்காற்று என்று சொன்னான். பூஞ்சணம் என்று சொன்னான். அதையும் அவர்களுடைய முகத்துக்கு நேரே சொன்னான்.

அவன் எழும்பி வந்து, ரீவிக்குப் போகும் மஞ்சள் வயரைப் பிடித்தான். இராயப்பு அவன் மணிக்கட்டைப் பிடித்தார். வலை இழுத்த கை.

"என்ன செய்யிறீர்?"

"இதைக் கழற்றினால் சரிவரும் ஐயா. பிழை இந்த ரீவியால."

"ரீவியால?" இராயப்பு சிரித்தார், அது சிரிப்பு மாதிரி இல்லை. "காலமை கசெற்றில பிழை எண்டீர். இப்ப ரீவியில. நான் பாக்கிற சாமானைக் கழற்றினாத்தான் கொப்பி நல்லா வருமோ?"

அவர் கேட்டபோதுதான் அது எப்படிக் கேட்கிறதென்று ஸுஹைருக்கு விளங்கியது. அவர் இடத்தில் இருந்தால் அவனும் கழற்ற விட்டிருக்க மாட்டான்.

"ரெண்டு நிமிசம் பதிஞ்சு காட்டுறன். பிறகு சொல்லுங்கோ."

ஜொயின்றை எடுத்துவிட்டு, டெக்கின் வயரை நேரே கப்சர் காட்டில் கொடுத்தான். ரீவி நீலமாகியது. தாலி கட்டுகிற இடத்தையே இரண்டு நிமிடம் பதிந்து போட்டான். நிறோஜன் தாலியை எடுத்தான், லைற் திரும்பியது, முகம் அப்படியே இருந்தது. மூக்கு நுனியில் வியர்வை. பக்கத்தில் இராயப்பு, தலைக்கு எண்ணெய் வைத்து, ஒருவருக்கும் இடம் கொடுக்காத முகத்தோடு.

"அவர்தான்" என்றாள் யூலியானா.

"சரி. இனி வயரைத் திரும்பக் கொழுவும்" என்றார் இராயப்பு.

"கொழுவினால் திரும்ப இருளும் ஐயா. டெக்கில படம் போற ஓட்டை ஒண்டுதான். அன்ரனா ஓட்டை நான் வாங்கேக்கையே உடைஞ்சது. ஒண்டில் நீங்கள் பாக்கலாம், இல்லாட்டி நல்ல கொப்பி எடுக்கலாம்."

"ரெண்டு மணித்தியாலம் நான் நீல ரீவியைப் பாத்துக்கொண்டிருக்க, உள்ளுக்க நீர் என்ன செய்வீரெண்டு எனக்கென்னண்டு தெரியும்?"

"தெரியாதுதான்" என்றான் ஸுஹைர்.

மணி பன்னிரண்டே முக்கால். யூலியானா எழும்பினாள்.

"அப்பா, போற ஆள் நான். நம்பாமல் விட்டாலும் பைலை மூடுவாங்கள். நம்பிக் கெட்டாலும் மூடுவாங்கள். ரெண்டாவதில ஒரு வழியாவது கிடக்கு." ஸுஹைரிடம் திரும்பினாள். "கழற்றுங்கோ அண்ணா."

இராயப்பு தட்டிக்கு உள்ளே கையைக் காட்டினார்.

"அப்ப நீர் அதுக்குள்ள இருக்கக்கூடாது. பதிவைத் தொடக்கிவிட்டு வெளியில வாரும். வந்து என்னோட இரும்."

அப்படித்தான் நடந்தது. ஸுஹைர் பதிவைத் தொடக்கிவிட்டு வெளியே வந்து, இராயப்புவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தான். இரண்டு பேருக்கும் முன்னால் நீலத் திரை. உள்ளே டெக் சுற்றுகிற மெல்லிய சத்தம். இராயப்பு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஸுஹைர் தொடையில் கையை வைத்தால் கையைப் பார்த்தார். இருமினால் முகத்தைப் பார்த்தார். ஒருமுறை ஸுஹைர் சிறுநீர் கழிக்க எழும்ப, அவரும் எழும்பிப் பின்கதவுவரை வந்தார். றாபியா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். மகள் குடித்தபிறகே அவர் குடித்தார்.

"நீர் எவ்விடம்?" என்று கடைசியில் கேட்டார்.

"முல்லைத்தீவு."

அவர் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு முதல்முறை, கையை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தார்.

"எவ்விடத்தில?"

ஸுஹைர் தெருவைச் சொன்னான். வாப்பாவின் பெயரைச் சொன்னான். இராயப்பு "ஓம்" என்றார். அதற்குப் பிறகு நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் தெரியாத மனிதனின் மௌனமா, தெரிந்த மனிதனின் மௌனமா என்று ஸுஹைர் மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தான்.

இரண்டரைக்குப் பதிவு முடிந்தது. சரிபார்க்க மூன்று பேரும் மொனிற்றரின் முன் நின்றார்கள். கோயில், தாலி, இரண்டு பக்கத்துப் பெற்றோர். எல்லா முகமும் இருந்தது. வரவேற்பு வந்ததும் ஸுஹைரின் விரல் தானாகப் படத்தை நிறுத்தியது. லைற் கண்ணாடியில் தெறித்தும் படம் அசையவில்லை. கீழ்மூலையில் மினுங்கியது தெளிவாகத் தெரிந்தது. ஒரு மாதா படம். பளபளப்புக் கடதாசியில் அச்சடித்து ஒட்டியது.

"திரும்பவும் அதே இடம்" என்றார் இராயப்பு. "என்ன இருக்கு தம்பி அதில?"

பொய் சொல்ல அவனுக்கு இம்முறை மனம் வரவில்லை.

"அந்த அலுமாரி. எங்கட வீட்டில இருந்தது மாதிரிக் கிடந்தது."

யூலியானாதான் முதலில் பேசினாள். "அது என்ர சீதன அலுமாரி அண்ணா. தச்சன் வீட்டுக்கே வந்து மூண்டு கிழமை நிண்டு செய்தவர்."

"என்னைக் கள்ளனெண்டு நினைச்சீரோ?" என்றார் இராயப்பு.

"காலமை தொடக்கம் நீங்கள் என்னை நினைச்ச மாதிரித்தான் ஐயா."

யூலியானா சிரித்துவிட்டாள், உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாதா படத்துக்குக் கீழே கண்ணாடி முழுசா, வெடித்ததா என்று ஸுஹைர் கேட்கவில்லை. மணி இரண்டே முக்கால். அவன் படத்தைச் சீடியில் எழுதப் போட்டான்.

ஒரு சீடிக்குள் அடங்காத வீடியோவை இரண்டு சீடிகளில் எழுதி முடிந்ததும் இராயப்பு நின்றுகொண்டே அழிக்கச் சொன்னார். ஸுஹைர் அழித்தான். கொம்பியூற்றரின் குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்கினான். அந்த ஒரு படத்தை, அலுமாரி நிற்கும் ஒரே ஒரு படத்தை, வேறொரு பெயரில் எடுத்து வைக்க அவனுக்கு அரை நிமிடம் போதுமாயிருந்தது. அழிக்கும் முன், அவர் சீடிகளைத் துவாயில் சுற்றக் குனிந்தபோது அந்த அரை நிமிடம் கிடைத்திருந்தது. அப்போது அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஏன் எடுக்கவில்லை என்பது அவனுக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. நல்லவன் என்பதாலா, அவர் நிமிர்ந்து பார்த்துவிடுவார் என்ற பயத்தாலா?

"இன்னொருக்கா அழியும்" என்றார் இராயப்பு, மொனிற்றரைப் பார்த்து.

"அழிக்க ஒண்டுமில்லை ஐயா."

"எண்டாலும்."

இல்லாததை அவன் இன்னொருமுறை அழித்தான். மூன்று இருபதுக்கு அவர்கள் பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள்.

அடுத்த நாள் வெள்ளி. ரீவியை வீட்டுக்குள் கொண்டுபோனவன் திரும்பக் கடைக்குக் கொண்டுவரவில்லை. பழைய வாடிக்கையாளர்களில் முகவரி தெரிந்த ஒன்பது பேருக்கு, கசெற்றைத் திரும்பக் கொண்டுவந்தால் காசு வாங்காமல் செய்து தருவதாகச் சொல்லி அனுப்பினான். நாலு பேர் வந்தார்கள். மற்ற ஐந்து பேர், இதில் ஏதோ கள்ளவேலை இருக்கிறதென்று நினைத்து வரவில்லை. கசெற்றோடு வருகிறவர்களுக்கு முன்னால் இப்போது இரண்டு கதிரைகள். ஒன்றில் அவர்கள், மற்றதில் ஸுஹைர். பதிந்து முடியும்வரை அவனைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

கார்த்திகையில் ஒரு காலை கடைக்குத் தொலைபேசி வந்தது. முல்லைத்தீவிலுள்ள ஒரு கடையிலிருந்து இராயப்பு.

"தம்பி, மகளுக்கு விசா குத்தியாச்சு. வாற கிழமை பிளேன் ஏறுறா. முகமெல்லாம் தெரிஞ்சதாம்."

"நல்லது ஐயா. அல்ஹம்துலில்லாஹ்."

"ம்." வயருக்குள் கடல் இரைகிற மாதிரி ஒரு இரைச்சல். "இன்னொண்டு கேக்கவேணும். குறைநினையாதையும். அந்தக் கலியாணம் உம்மட பெட்டியில இப்பவும் இல்லைத்தானே?"

"இல்லை ஐயா."

"சரி. கேட்டனான், அவ்வளவுதான்."

ஸுஹைர் ரிசீவரை வைத்தான். பிறகு தட்டிக்குப் பின்னால் போய்க் கொம்பியூற்றரைப் போட்டு, யூலியானாவின் பெயரையும் அந்த வியாழக்கிழமைத் திகதியையும் கொடுத்துப் பெட்டி முழுவதும் தேடினான். ஒன்றும் இல்லை. 'எதுவும் கிடைக்கவில்லை' என்ற வரியைத் திரையில் கண்ட பிறகும், இன்னொருமுறை தேடினான்.